டிரம் வாசிச்சவர் பேரு எங்க?

அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்துல இசை விழாவாம், ஹிப் ஹாப் வரலாறுன்னு ஒரு சார்ட் ஒட்டணுமாம். "சித்தி, நீங்கதானே நாள் பூரா இதைக் கேப்பீங்க, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு போட்டோ எடுத்து அனுப்பினான்.

பாத்தேன். டூபாக் இருக்காரு. பிக்கி இருக்காரு. நாஸ், ஜே-ஸீ, எமினெம், கென்ட்ரிக் லமார்னு வரிசையா படம். எல்லார் கையிலயும் மைக்.

ஒரு டிஜே கிடையாது.
ஒரு டிரம்மர் கிடையாது.
ஒரே ஒரு பொண்ணு கூடக் கிடையாது.

பையனைச் சொல்லிக் குத்தமில்ல. இன்டர்நெட்ல எந்த லிஸ்ட்டைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கு. யாரு பெரிய ராப்பர், யாருக்கு எத்தனாவது இடம், யாருக்கும் யாருக்கும் சண்டை. இதைப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். இந்த இசையை முதல்ல கட்டினது கைகள். ரெக்கார்டைத் தொட்ட கை, டிரம் அடிச்ச கை, பட்டனைத் தட்டின கை. வாய் அப்புறமா வந்துச்சு. வந்து, மொத்தப் பேரையும் அதுவே வாங்கிட்டுப் போயிடுச்சு.

(ராப்பர்களைக் குறை சொல்லலைங்க. ரக்கிம் பாடுறதைக் கேட்டுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்கேன். ஆனா இன்னிக்கு நான் கைகளோட கட்சி.)

கொஞ்சம் நீளமா போகும். டீ போட்டுக்கிட்டு வாங்க.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்ல பிராங்க்ஸ். 1520 செட்ஜ்விக் அவென்யூங்கிற அடுக்குமாடிக் கட்டடம். அதுல குடியிருக்கிறவங்க விசேஷம் வச்சுக்கிற பொது ரூம்ல ஒரு பார்ட்டி.

அந்தப் பார்ட்டியை நடத்தினது ஒரு பொண்ணு. சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, புதுத்துணி வாங்கணும், கையில காசு வேணும். ரூமை வாடகைக்குப் பிடிச்சாங்க. சின்ன அட்டையில கையால எழுதி அழைப்பு கொடுத்தாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். ராத்திரி 9 மணியிலேருந்து விடிகாலை 4 மணி வரைக்கும். பாட்டு போட அண்ணனைக் கூப்பிட்டாங்க. அண்ணன் பேரு கிளைவ் கேம்பல், வயசு 18. ஊருக்குள்ள டிஜே கூல் ஹெர்க்.

ஹிப் ஹாப் பொறந்த நாள்னு உலகம் முழுக்க இந்த நாளைத்தான் கொண்டாடுறாங்க. கொண்டாடுறப்போ ஹெர்க் பேரைச் சொல்றவங்கள்ல எத்தனை பேரு சிண்டி பேரைச் சொல்றாங்கன்னு கவனிச்சுப் பாருங்க.

அந்தக் காலத்து பிராங்க்ஸ் எப்படி இருந்துச்சுன்னா, நடுவுல ஒரு பெரிய எக்ஸ்பிரஸ் ரோடு போட்டு பல குடியிருப்புகளை ரெண்டாப் பொளந்திருந்தாங்க. ராபர்ட் மோசஸ் திட்டம் போட்ட கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே. வசதி இருந்தவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. வாடகை வராத கட்டடங்களை இன்சூரன்ஸ் பணத்துக்காக ஓனர்களே ஆள் வச்சுக் கொளுத்தின கதை ஏராளம். மிச்சம் இருந்த பிள்ளைங்களுக்கு பார்க்கும் இந்த மாதிரி பொது ரூமும்தான். பார்க்ல பார்ட்டின்னா தெருவிளக்குக் கம்பத்துலேருந்து கரன்ட் எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுப்பாங்க.

ஹெர்க் பொறந்தது ஜமைக்காவோட கிங்ஸ்டன்ல. 12 வயசுல நியூயார்க் வந்தாரு. பெரிய பெரிய ஸ்பீக்கரைத் தெருவுல அடுக்கி வச்சு ஆடுற ஜமைக்கா பழக்கம் கண்ணுலயும் காதுலயும் இருந்துச்சு. இங்க அவரு செஞ்ச முக்கியமான வேலை என்ன தெரியுமா? கூட்டத்தைக் கவனிச்சது.

ஆடுறவங்க பாட்டு முழுக்க ஒரே மாதிரி ஆடலை. சிலர் ஒரு இடத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. பாடுறவர் நிறுத்தி, பிராஸ் நிறுத்தி, டிரம்மும் கொஞ்சம் பாஸும் மட்டும் தனியா ஓடுற ஒரு துண்டு. அதுக்கு பிரேக்னு பேரு. அது வந்ததும் தரையில விழுந்து பொரண்டு ஆடுறாங்க. ஆனா அது சில செகண்ட்ல முடிஞ்சு போகுது. ஜேம்ஸ் பிரவுன் பாட்டு, இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட் பாட்டுன்னு ஒவ்வொண்ணுலயும் அந்தத் துண்டு எங்க இருக்குன்னு ஹெர்க் தேடி எடுத்தாரு. ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பி வாங்கினாரு. இந்தப் பக்கம் பிரேக் முடியுறப்போ அந்தப் பக்கம் அதே பிரேக்கை ஆரம்பிச்சாரு. முடிஞ்சதும் திரும்ப இந்தப் பக்கம். இதுக்கு அவர் வச்ச பேரு மெர்ரி கோ ரவுண்ட்.

பாட்டுல கச்சேரி அடங்குற அஞ்சாறு செகண்டை எடுத்து, அதையே பாட்டா ஆக்கிட்டாரு! எனக்கு இன்னிக்கும் நினைச்சா மலைப்பா இருக்கு. அவரு கையில புதுசா ஒரு வாத்தியமும் இல்ல. ஆடுறவங்க காலைப் பாத்துக் கண்டுபிடிச்சதுதான் அத்தனையும்.

(மத்த டிஜேக்களுக்குத் தெரியக்கூடாதுன்னு ரெக்கார்டைத் தண்ணியில ஊறப்போட்டு லேபிளை உரிச்சுடுவாரு. அப்பா கொடுத்த யோசனையாம்.)

அந்த நேரத்துல மைக் எதுக்கு இருந்துச்சு? ஹெர்க்கோட கூட்டாளி கோக் லா ராக், வந்திருக்கிற நண்பர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு, ஆடுறவங்களை உசுப்பேத்துவாரு. நடுநடுவுல ரெண்டு வரி ரைமிங்கா. அவ்வளவுதான். பேச்சு வந்தது ஆட்டத்துக்குத் துணையா.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளுகிட்ட வர்றேன்.

ஜோசப் சேட்லர். பார்படோஸ்ல பொறந்து பிராங்க்ஸ்ல வளர்ந்தவரு. எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிற தொழிற்பள்ளியில படிச்சாரு. வீட்டுல எது கையில கிடைச்சாலும் கழட்டிப் பாக்குற பையன். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ்னு சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஹெர்க் ஊசியைக் கண்ணளவுல தூக்கி வைப்பாரு. சில சமயம் தாளம் முன்னபின்ன போகும். ஃப்ளாஷுக்கு அது உறுத்துச்சு. ஒரு பிரேக்லேருந்து இன்னொண்ணுக்குப் போறப்போ தாளம் நூலளவு கூட நழுவக்கூடாதுன்னு பிடிவாதம். அதுக்காக அவரு என்னென்ன செஞ்சாருன்னு படிச்சுட்டு, என்னால சும்மா இருக்க முடியலை. நாமளே செஞ்சு பாத்துடுவோம்னு கிளம்பிட்டேன்.

எங்க தெரு முனையில ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. கடைக்குப் பின்னாடி ரெண்டு பழைய ரெக்கார்டு பிளேயர் வச்சிருக்காரு. எண்பதுகள்ல வந்த இளையராஜா ரெக்கார்டு ஒண்ணு, ரெண்டு காப்பியா அவர்கிட்டயே இருந்துச்சு. நடுவுல டிரம் தனியா வர்ற ஒரு இடம் அதுல உண்டு. அதை நீட்டணும்.

முதல் சிக்கல். பிளேயரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினா, திரும்ப வேகம் பிடிக்க நேரமாகுது. பாட்டு இழுத்துக்கிட்டு வருது. அண்ணன் சொன்னாரு: "பெல்ட் செட்டும்மா இது. கீழ தட்டு சுத்திக்கிட்டே இருக்கட்டும், நீ மேல ரெக்கார்டை மட்டும் பிடிச்சுக்கோ."

பிடிச்சா, தட்டுல இருக்கிற ரப்பர் ரெக்கார்டை விடமாட்டேங்குது. மொத்தமா எல்லாமே நிக்குது.

ரப்பரை எடுத்துட்டு பழைய வேட்டித் துணியை வட்டமா வெட்டிப் போட்டோம். துணி சுருங்கி ரெக்கார்டோடயே வந்துடுச்சு.

அப்போதான் ஃப்ளாஷ் செஞ்சது ஞாபகம் வந்துச்சு. அவரு தையல் வேலை தெரிஞ்ச அம்மாவோட பிள்ளை. துணிக்கடையில ஃபெல்ட் வாங்கிட்டு வந்து, வட்டமா வெட்டி, அம்மாவோட ஸ்டார்ச்சை அடிச்சு இஸ்திரி போட்டு விறைப்பாக்கினாரு. நம்ம ஊர்ல கஞ்சிக்கா பஞ்சம்? சாதம் வடிச்ச கஞ்சியில முக்கி, காயவச்சு, அழுத்தி இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டு மறுபடி கடைக்குப் போனேன்.

வேலை செஞ்சுது!

கீழ தட்டு பாட்டுக்குச் சுத்துது. மேல ரெக்கார்டு என் ரெண்டு விரலுக்கு அடங்கி நிக்குது. விட்டா அந்த நொடியே முழு வேகத்துல கிளம்புது. கைக்கு அது தர்ற சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அண்ணனும் ஒரு தடவை பண்ணிப் பாத்துட்டு, கஸ்டமர் வந்து நிக்கிறது கூடத் தெரியாம அதுலயே மூழ்கிட்டாரு.

அடுத்தது, எவ்வளவு தூரம் பின்னாடி சுத்தணும்? எல்பி ரெக்கார்டு நிமிஷத்துக்கு 33 சுத்துக்குக் கொஞ்சம் மேல. அப்போ ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட். ஒன்பது செகண்ட் பிரேக்குன்னா அஞ்சு சுத்து. ஃப்ளாஷ் ரெக்கார்டு மேலயே கிரேயான்ல கோடு போட்டு வச்சுக்கிட்டு, கடிகார முள்ளைப் பாக்குற மாதிரி கோட்டைப் பாத்துச் சுத்துகளை எண்ணினாரு. நான் வெள்ளைப் பென்சில்ல கோடு போட்டேன். ஒரு ரெக்கார்டு ஓடுறப்போ இன்னொண்ணைக் கூட்டத்துக்குக் கேக்காம தன் காதுல மட்டும் கேக்கணும். அதுக்கு ஒரு சுவிட்ச்சை அவரே ஒட்டவச்சுச் செஞ்சுக்கிட்டாரு. இந்த மாதிரி சுவிட்ச் இன்னிக்கு டிஜே மிக்ஸர்கள்ல சாதாரணம்.

அந்தக் காலத்துல ரெக்கார்டு மேல விரல் வைக்கிறதே பெரிய பாவம்னு நினைப்பாங்க. ஓரத்தை மட்டும்தான் பிடிக்கணும். அந்த விதியை ஒரு பையன் உடைச்சான், ரெக்கார்டு வாத்தியம் ஆச்சு.

ஃப்ளாஷுக்கு எடுபிடியா, ரெக்கார்டுப் பெட்டி தூக்கிக்கிட்டு, ஒரு சின்னப் பையன் கூடவே இருந்தான். தியடோர் லிவிங்ஸ்டன். கிராண்ட் விஸார்ட் தியடோர்னு பின்னாடி பேரு. ஒரு நாள் வீட்டுல சத்தமா பாட்டு போட்டுக்கிட்டு இருந்தப்போ அம்மா வந்து அதட்டினாங்க. அவங்க பேசுறப்போ கையால ரெக்கார்டை நிறுத்தி, லேசா முன்னயும் பின்னயும் அசைச்சுக்கிட்டே இருந்தான். காதுல ஒரு சத்தம் கேட்டுச்சு. ஸ்கிராட்ச் அப்படித்தான் பொறந்ததுன்னு அவரே சொல்லியிருக்காரு. 1975 வாக்குல நடந்தது. அம்மா திட்டுறப்போ எத்தனை கோடிப் பிள்ளைங்க பாட்டை நிறுத்தியிருப்பாங்க! அந்த உரசலைச் சங்கீதமா கேட்டது இவரு காது.

இப்போ கதையோட முக்கியமான இடம்.

ஃப்ளாஷ் இந்த வித்தையெல்லாம் கத்துக்கிட்டு முதல் தடவை கூட்டத்துக்கு முன்னாடி செஞ்சு காட்டினப்போ என்ன ஆச்சுன்னா, யாரும் ஆடலை. எல்லாரும் அப்படியே நின்னு வேடிக்கை பாத்தாங்க. கை அவ்வளவு புதுசா எதையோ செய்யுது, காலுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. அவருக்கு மனசு ஒடிஞ்சு போச்சு. அப்போதான், கூட்டத்தைத் தூக்கி நிறுத்த ஒரு குரல் வேணும்னு தோணுச்சு. கவ்பாய், மெல்லி மெல், கிட் கிரியோல்னு ஆளுங்க வந்து சேர்ந்தாங்க. ஒருத்தர் விட்ட இடத்துல ஒருத்தர் வரியை எடுத்து ஓட்டுறது, சேர்ந்து சொல்றது எல்லாம் அப்படி வளர்ந்துச்சு. பின்னாடி ஃப்யூரியஸ் ஃபைவ்னு அஞ்சு பேரு ஆனாங்க.

கைக்குத் துணையா கூப்பிட்ட குரல் அது.

அப்புறம் 1979. ஹிப் ஹாப்பை உலகத்துக்குக் கொண்டு போன ரெக்கார்டு 'ராப்பர்ஸ் டிலைட்'. இதைக் கொண்டுவந்ததும் ஒரு பொண்ணுதான். சில்வியா ராபின்சன், ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ். ஐம்பதுகள்லயே 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' பாடி பேரு வாங்கினவங்க. ஒரு பார்ட்டியில மைக்ல பேசி ஆடவைக்கிறதைப் பாத்துட்டு, இதை ரெக்கார்டா போட்டா ஓடும்னு அவங்களுக்குத் தோணுச்சு. பிராங்க்ஸ்ல இருந்த பெரிய டிஜேக்களுக்கே அந்த நம்பிக்கை இல்ல. ராத்திரி முழுக்க நடக்கிற ஒண்ணை எப்படி ஒரு ரெக்கார்டுல அடைப்பாங்கன்னு நினைச்சாங்க.

சில்வியா நியூஜெர்சியில மூணு பேரைப் பிடிச்சு ஷுகர்ஹில் கேங்னு பேரு வச்சாங்க. அதுல ஒருத்தரு பிக் பேங்க் ஹேங்க், பிட்ஸா கடையில வேலை பாத்துக்கிட்டிருந்தவரு. அவரு பாடின வரிகள் பிராங்க்ஸோட கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதினது. அப்படியே வாங்கிப் பாடினதுல, காஸ் தன்னோட பட்டப்பேரை எழுத்துக்கூட்டிச் சொல்ற வரியையும் சேர்த்துப் பாடிட்டாரு! எழுதினவர் பேரு பாட்டுக்குள்ள ஒலிக்குது. ரெக்கார்டு உறையில இல்ல.

அந்தப் பாட்டுல டிஜேவும் கிடையாது. ஷிக் குழுவோட 'குட் டைம்ஸ்' தாளத்தை ஸ்டூடியோ வாத்தியக்காரங்க திரும்ப வாசிச்சாங்க. ('குட் டைம்ஸ்' எழுதின நைல் ராட்ஜர்ஸ் அதை ஒரு கிளப்ல கேட்டுட்டு சட்டப்படி போவேன்னு நின்னதும், அவர் பேரும் கூட எழுதின பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பேரும் எழுதினவங்க வரிசையில சேர்ந்துச்சு.) ஹிப் ஹாப்னா என்னன்னு ஊர் உலகம் முதல்ல கேட்ட அந்தப் பாட்டுல, அதைக் கண்டுபிடிச்ச கைகள்ல ஒண்ணு கூட இல்ல. லிஸ்ட்டுகள் தப்பா போக ஆரம்பிச்சது அந்த இடத்துலதான்னு நான் உறுதியா நம்புறேன்.

1981-ல ஃப்ளாஷ் ஒரு ரெக்கார்டு போட்டாரு. 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்'. மூணு டர்ன்டேபிள், ரெண்டு கை. ஏழு நிமிஷம். வெட்டி ஒட்டாம நேரடியா வாசிச்சாரு. எங்கயாவது பிசகினா முதல்லேருந்து. கைகளோட சாதனைக்கு ஒரே ஒரு சாட்சி கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்த வருஷம், 1982-ல 'தி மெசேஜ்'. ஏழைத் தெருக்களோட வாழ்க்கையைப் பாடி ராப்புக்குப் புது வாசல் திறந்த பாட்டு. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ்னு உறையில இருக்கும். உள்ள இருக்கிறது ட்யூக் பூட்டி, மெல்லி மெல் ரெண்டு பேரோட வேலை. ஃப்ளாஷோட கை அதுல இல்ல. பாட்டு மகத்தானதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனா டிஜே பேரு மட்டும் முன்னாடி நிக்குது, டிஜே உள்ள இல்ல.

இதைவிட எனக்கு வயித்தெரிச்சல் கொடுக்கிறது டிரம்மர்கள் கதை.

கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். டென்னஸி மாநிலத்து சட்டனூகாவுல பொறந்தவரு. வகுப்புக்குப் போய் டிரம் கத்துக்கலை. சின்ன வயசுல ஃபேக்டரி மெஷின் ஓடுற சத்தம், ரயில் போற சத்தம், அதுங்களோட தாளத்துல நடந்து நடந்து பழகினவரு. ஜேம்ஸ் பிரவுன் குழுவுல இருந்தப்போ 1969-ல 'ஃபங்கி டிரம்மர்'னு ஒரு பாட்டுக்கு வாசிச்சாரு. அதுல வர்ற பிரேக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள்ல ஓடுது. பப்ளிக் எனிமியோட 'ஃபைட் தி பவர்'ல இருக்கு. எல்எல் கூல் ஜேகிட்ட இருக்கு. நீங்க அவர் பேரைக் கேள்விப்பட்டதே இல்லைன்னாலும் அவர் கையைக் கேட்டிருப்பீங்க.

அவருக்கு ராயல்ட்டி வரலை. பாட்டை எழுதினவர்ங்கிற இடத்துல ஜேம்ஸ் பிரவுன் பேரு. பதிவோட உரிமை கம்பெனிக்கு. டிரம்மருக்கு அன்னிக்கு வாசிச்ச கூலி. டிரம் தாளத்தைத் தனியா ஒரு படைப்புன்னு யாரும் கணக்குல எடுக்கலை. கடைசி காலத்துல விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன்ல உள்ளூர்க் கச்சேரி வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. புற்றுநோய் வந்தப்போ மருத்துவச் செலவுக்குப் பணம் கொடுத்து உதவினது பாடகர் பிரின்ஸ். அந்த உதவி கூட 2016-ல பிரின்ஸ் இறந்த அப்புறம்தான் வெளியில தெரிஞ்சது. அடுத்த வருஷம் கிளைடும் போயிட்டாரு.

இன்னொருத்தர் கிரெகரி கோல்மன். தி வின்ஸ்டன்ஸ் குழு, 1969, 'ஆமென் பிரதர்'. ஒரு ஹிட் பாட்டோட பின்பக்கத்தை நிரப்பப் போட்டது. அதுல சுமார் ஏழு செகண்ட் டிரம். சால்ட்-என்-பெப்பா, என்டபிள்யூஏன்னு பல பேரு எடுத்தாங்க. இங்கிலாந்துல அந்த ஏழு செகண்டை வேகமாக்கி, வெட்டி மாத்தி, ஜங்கிள்னு ஒரு இசை வகையையே கட்டினாங்க. கோல்மன் 2006-ல அட்லாண்டாவுல வீடு வாசல் இல்லாம செத்துப் போனாரு. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக ரசிகர்கள் சேர்ந்து 2015-ல 24,000 பவுண்ட் திரட்டிக் கொடுத்தாங்க. டிரம் வாசிச்ச கைக்கு எதுவும் போய்ச் சேரலை.

இதைச் சொன்னதும் "அப்போ சாம்பிள் எடுத்தவங்க, அதாவது பழைய ரெக்கார்டுத் துண்டைத் தன் பாட்டுல போட்டுக்கிட்டவங்க, திருடங்களா?"ன்னு ஒருத்தராவது கேப்பீங்க. நான் அப்படிப் பாக்கலை.

சாம்பிளிங் மெஷின் வந்தப்போ அதுவும் ஒரு கைத்தொழிலாத்தான் இருந்துச்சு. நியூயார்க்கோட குவீன்ஸ்பிரிட்ஜ்ல டிஜே மார்லி மார்ல், ஏதோ ஒரு குரல் துண்டைப் பிடிக்கப் போனப்போ கூடவே ஒரு ஸ்நேர் டிரம் சத்தமும் மாட்டிக்கிச்சு. அதைத் தட்டிப் பாத்தாரு. பழைய ரெக்கார்டுல இருக்கிற டிரம்மை ஒத்தை ஒத்தை அடியா பிரிச்சு, தன் தாளத்துல வாசிக்கலாம்னு புரிஞ்சது. (1984-ல அவரோட வீட்டுலதான் 14 வயசு ரோக்ஸேன் ஷாண்டே, துணி துவைக்கப் போற வழியில வந்து, ஒரே மூச்சுல 'ரோக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்' பாடிட்டுப் போனா. சார்ட்ல அந்தப் பொண்ணு படமும் இல்ல.)

1987-ல வந்த எஸ்பி-1200 மெஷின்ல மொத்தமே பத்து செகண்ட்தான் பதிய முடியும். பத்தே செகண்ட்! அதனால 33 வேகத்து ரெக்கார்டை 45 வேகத்துல ஓட்டிப் பதிஞ்சு, மெஷினுக்குள்ள வேகத்தைக் குறைப்பாங்க. அப்போ அதே பத்து செகண்டுக்குள்ள இன்னும் அதிகமா அடங்கும். அப்படிக் குறைக்கிறப்போ சத்தத்துல ஒரு கரகரப்பு வரும். அந்தக் காலத்து நியூயார்க் பீட்டுகள்ல இருக்கிற மண்வாசனை அதுதான். நானும் போன்ல ஒரு ஆப் போட்டு, பத்து செகண்டுக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு விதி வச்சு உக்காந்தேன். எதை எடுக்கிறதுன்னு தேடுறதுலயே சாயங்காலம் ஓடிப் போச்சு. ஒரு பாட்டை இவ்வளவு கூர்மையா நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

1991-ல ராப்பர் பிஸ் மார்க்கி மேல ஒரு வழக்கு வந்துச்சு. கில்பர்ட் ஓ'சல்லிவனோட பழைய பாட்டுத் துண்டை அனுமதி இல்லாம எடுத்ததுக்கு. நீதிபதி, களவு செய்யாதேங்கிற பைபிள் கட்டளையோட தீர்ப்பை ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொரு துண்டுக்கும் பணம். ஒரு பாட்டுக்குள்ள எக்கச்சக்கமா சாம்பிளைக் கோக்கிற கலை அதோட மங்கிடுச்சு. டி லா சோல் குழுவோட 1989 ஆல்பம் அந்தக் கலைக்கு உச்சம். உரிமைச் சிக்கல்ல மாட்டி, 2023 மார்ச் வரைக்கும் எந்த ஸ்ட்ரீமிங்லயும் கேக்க முடியாமலே கிடந்துச்சு. அந்தக் குழுவுல இருந்த டேவ், ஆல்பம் ஸ்ட்ரீமிங்ல வர்றதுக்குச் சில வாரம் முன்னாடி செத்துப் போயிட்டாரு.

சரி, இவ்வளவு கறாரா காசு வசூல் பண்ணாங்களே, அந்தக் காசு கிளைடுக்கும் கோல்மனுக்கும் போச்சா? போகலை. உரிமைப் பத்திரம் யார் பேர்ல இருந்துச்சோ அவங்களுக்குப் போச்சு. அதனாலதான் சாம்பிள் எடுத்த பசங்க மேல எனக்குக் கோபம் வரலை. கிளைடோட கை எவ்வளவு அபாரமானதுன்னு இருபது வருஷம் கழிச்சு உலகத்துக்குக் கேக்கவச்சது அவங்கதான். அவருக்குக் கூலி கொடுக்காதது அவங்களுக்கு முன்னாடியே எழுதி வச்ச கணக்கு.

தொண்ணூறுகளை வேகமா தாண்டிடுறேன், ஏன்னா டூபாக்கும் பிக்கியும் சுடப்பட்டுச் செத்த கதையை எல்லாரும் எழுதியாச்சு. ஒண்ணு மட்டும். 1994-ல வந்த நாஸோட 'இல்மேட்டிக்'கைக் கொண்டாடுறவங்க, அதுக்கு பீட் போட்ட டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், க்யூ-டிப் பேரையும் சேர்த்துச் சொல்லணும். 20 வயசுப் பையனுக்கு அந்தக் கைகள் விரிச்ச கம்பளம் அது. 1999-ல லாரின் ஹில் கிராமியில அந்த வருஷத்துச் சிறந்த ஆல்பத்துக்கான பரிசு வாங்கினாங்க. ஹிப் ஹாப்புக்கு அந்தப் பரிசு முதல்ல வந்தது ஒரு பொண்ணு கையில.

டெட்ராய்ட்ல பீட் கட்டின ஜே டில்லா பத்திச் சொல்லாம முடிச்சா எனக்குத் தூக்கம் வராது. மெஷின் போடுற தாளம் இம்மி பிசகாம இருக்கும். டில்லா வேணும்னே சில அடிகளை ஒரு மயிரிழை முன்னாடி, சிலதை ஒரு மயிரிழை பின்னாடி தள்ளி வச்சாரு. முதல்ல கேக்குறப்போ ஏதோ தடுமாறுற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துல தலை தானா ஆடும். அதைக் கேட்டு நிஜ டிரம்மர்கள் அப்படி வாசிக்கப் பயிற்சி எடுத்தாங்க! 2006 பிப்ரவரி 7, அவரோட பிறந்தநாள் அன்னிக்கு 'டோனட்ஸ்' வந்துச்சு. மூணு நாள்ல இறந்துட்டாரு, 32 வயசு. அவரு தட்டித் தட்டித் தேய்ச்ச எம்பிசி சாம்பிளிங் மெஷின் இப்போ வாஷிங்டன்ல ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியத்துல இருக்கு. கைக்குக் கிடைச்ச மரியாதைன்னு எனக்கு அதுல தனி சந்தோஷம்.

நம்ம ஆளுங்களும் இந்த வரிசையில உண்டு. யாழ்ப்பாணத்துல குழந்தைப் பருவத்தைக் கழிச்சு லண்டன் போன மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., ஆரம்பத்துல பாட்டு கட்டினது இரவல் வாங்கின, பீட் கட்டுற ஒரு ரோலண்ட் 505 பெட்டியில. மலேசியாவுல யோகி பியும் நட்சத்ராவும் 2006-ல 'மடை திறந்து'ன்னு இளையராஜாவோட 'நிழல்கள்' பாட்டை எடுத்து ஹிப் ஹாப்பா ஆக்கினப்போ, பிராங்க்ஸ் பசங்க ஜேம்ஸ் பிரவுனை எடுத்த அதே வேலையைத்தான் செஞ்சாங்க. அப்பா அம்மா கேட்ட ரெக்கார்டைத் தூசி தட்டி, தன் காலத்துக்குத் திருப்பிப் போடுறது.

இன்னிக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க. 'ஃபங்கி டிரம்மர்' நீளமான பதிப்பைத் தேடி எடுங்க, ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஓடும். அவசரப்படாம கேளுங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினதும் ஜேம்ஸ் பிரவுன் மத்தவங்களை அடக்கிட்டு டிரம்மருக்கு வழிவிடுவாரு. தனி ஆவர்த்தனம் வேண்டாம், வாசிக்கிறதையே வாசின்னு சொல்லுவாரு. கிளைட் அதைத்தான் செய்வாரு. ஸ்நேர்ல பலமா விழுற அடிகளை விட்டுட்டு, அதுங்களுக்கு நடுவுல இடது கையால தொட்டும் தொடாமலும் போடுற சின்னச் சின்னத் தட்டல்களைக் கவனிங்க. ஹெட்போன் போட்டுக்கிட்டா நல்லாக் கேக்கும்.

அவர்கூட அதே குழுவுல வாசிச்ச இன்னொரு டிரம்மர் ஜான் ஜேபோ ஸ்டார்க்ஸ். லின் காலின்ஸோட 'திங்க்' பாட்டுல இருக்கிறது அவரு கை, ராப் பேஸோட 'இட் டேக்ஸ் டூ'ல கேட்டிருப்பீங்க. அவரைப் பத்தி அடுத்த வாரம் தனியா எழுதுறேன்.